தவிட்டில் வளரும் நொதி

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் ஃபுஷிமி என்றொரு பகுதி. 1637 முதல் அங்கே அரிசி மது தயாரித்துவரும் நிறுவனம் கெக்கெய்கான். அதன் ஆய்வுக்கூடத்தில் 1990களில் ஒரு பூஞ்சையின் மரபணுக்களைத் துருவிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்பாராத சங்கதி ஒன்று கிடைத்தது. பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஜப்பானியர் வேகவைத்த அரிசியில் அதை வளர்த்துக் ‘கோஜி’ ஆக்குவார்கள். மதுவுக்கும் சோயா சாஸுக்கும் அதுதான் அடிப்படை. மாவுச்சத்தை வெட்டிக் குளுக்கோஸாக்கும் குளுக்கோஅமைலேஸ் என்ற நொதிக்கு அந்தப் பூஞ்சையிடம் இரண்டு மரபணுக்கள் இருந்தன. திரவத்தில் வளர்த்தபோது முதல் மரபணுதான் வேலை செய்தது. இரண்டாவது உறங்கிக் கிடந்தது. அதே பூஞ்சையை அரிசியின்மேல் வளர்த்ததும் இரண்டாவது விழித்துக்கொண்டது. கோஜியில் சேரும் குளுக்கோஅமைலேஸில் பெரும்பங்கு அந்த இரண்டாவது மரபணு தருவதுதான்.

எது அதை எழுப்புகிறது? மாவுச்சத்து வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. நீர் குறைவாக இருக்க வேண்டும். வெப்பம் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். வளர்ந்துவரும் இழை முட்டி மோத ஏதாவது ஒரு தடை எதிரே இருக்க வேண்டும். அரிசிப் பருக்கையின்மேல் இவை எல்லாம் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. கோஜி தயாரிப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் அதன் வெப்பத்தை 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற விடுவது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் இனிப்பு கூடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பது மரபணுவைப் படித்த பிறகுதான் விளங்கியது.

நொதித் தொழில்நுட்பத்தில் நான் படித்தவற்றுள் இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறில்லை. பூஞ்சை வளர்ப்பதற்காக நாம் பயன்படுத்தும் தவிடு, பிண்ணாக்கு, கரும்புச் சக்கை, தென்னை நார் எல்லாவற்றையும் மலிவான தீனியாகவோ, ஒட்டிக்கொள்ள ஒரு தாங்குபொருளாகவோதான் இதுவரை கணக்கில் எடுத்திருக்கிறோம். உண்மையில் எந்த நொதியைச் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கட்டளையில் ஒரு பகுதி அந்தப் பரப்பிலிருந்தே பூஞ்சைக்குப் போகிறது.

பூஞ்சையின் உடலைப் பார்த்தால் இது வியப்பாக இராது. விலங்குகள் உணவை விழுங்கிவிட்டுச் செரிக்கின்றன. பூஞ்சை வெளியே செரித்துவிட்டு உறிஞ்சிக்கொள்கிறது. அதன் உடல் மிக மெல்லிய குழாய்களின் வலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் ஒரு குழாயின் தடிமன். இந்த இழை நுனியில் மட்டுமே நீளும். உள்ளே உருவாகும் நொதிகள் நுண்ணிய பைகளில் ஏறி நுனிவரை பயணம் செய்து, பெரும்பாலும் அங்கேதான் வெளியேறுகின்றன. எதிரே இருக்கும் மாவுச்சத்தும் செல்லுலோஸும் புரதமும் கரைகின்றன. கரைந்ததை உறிஞ்சிக்கொண்டு நுனி முன்னே நகர்கிறது. திடப்பொருளைத் துளைத்துப் போவதற்கென்றே அமைந்த உடல் அது. மழைக்காலத்தில் தோல் செருப்பிலும், மூடி வைத்த துணியிலும், விறகிலும் பூசணம் பூக்கிறது. ஈரம் பட்ட, ஆனால் நீரில் மூழ்காத பரப்பு அதற்குப் போதும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் வளர முடியாத அளவு காய்ந்த இடத்திலும் அது வளரும்.

பூஞ்சை திடப்பரப்பில் செழிப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ 270 மில்லிகிராமுக்கும் மேல். தவிட்டுத் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஆக்சிஜன் பரவும் வேகமும் நீரில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. திரவத் தொட்டிக்குள் வளரும் பூஞ்சை பல நேரங்களில் சிறு உருண்டைகளாகச் சுருண்டுகொள்கிறது. உருண்டையின் உட்புறம் மூச்சுக்குத் தவிக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் பெரிய மோட்டார்களைக் கொண்டு கலக்கிக்கொண்டே, அழுத்தத்தில் காற்றையும் செலுத்துகிறார்கள். தொட்டியின் மின்கட்டணத்தில் கணிசமான பங்கு இதற்கே போகிறது.

தவிட்டில் நொதி விளைவித்து உலகச் சந்தைக்குக் கொண்டுபோன முதல் மனிதர் ஜோகிச்சி தகமினே. 1854இல் பிறந்தவர். தந்தை மருத்துவர், தாய் மது தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் வேதியியல் படித்துவிட்டு, 1890இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே விஸ்கி தயாரிப்பில் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, முளைகட்டிய பார்லியைத்தான் பயன்படுத்தினார்கள். பார்லி முளைக்கப் பல நாட்களும் பரந்த தளமும் வேண்டும். அந்த வேலையைக் கோஜியால் விரைவாகச் செய்ய முடியும் என்பது தகமினேயின் திட்டம். அதிலும் விலை கூடிய அரிசியை விட்டுவிட்டு, மாவு ஆலைகளில் மலிந்து கிடந்த கோதுமைத் தவிட்டில் அந்தப் பூஞ்சையை வளர்த்தார். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் சோதனை தொடங்கியது. பார்லி முளைகட்டும் தொழிலில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1891இல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. விஸ்கித் திட்டம் அதன்பின் தலையெடுக்கவில்லை.

தகமினே விடவில்லை. தவிட்டிலிருந்து நொதியை நீரில் கரைத்தெடுத்து, ஆல்கஹால் சேர்த்துப் படிய வைத்து, தூளாக்கினார். 1894இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நுண்ணுயிர் நொதி ஒன்றுக்கு அந்நாட்டில் கிடைத்த முதல் காப்புரிமை அது என்பார்கள். டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை ‘டாக்கா-டயஸ்டேஸ்’ என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்றது. சில ஆண்டுகள் கழித்து அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவரும் இவர்தான். அந்தப் புகழின் வெளிச்சத்தில் தவிட்டு வேலை மங்கிவிட்டது. நவீன நொதித் தொழில் அந்தத் தவிட்டிலிருந்துதான் புறப்பட்டது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தவிட்டை ஓரங்கட்டியது பெனிசிலின். இரண்டாம் உலகப் போரின்போது மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான பாட்டில்களிலும் தட்டுகளிலும் பூஞ்சையை வளர்த்துக் கட்டுப்படியாகவில்லை. அதே பியோரியாவில் இருந்த அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம், மக்காச்சோளம் ஊறிய கழிவுநீரில் பெனிசிலின் விளைச்சல் கூடுவதைக் கண்டது. 1944இல் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் ஆழ்தொட்டி ஆலையைத் திறந்தது. எஃகுத் தொட்டி, வெப்பமானி, அமிலத்தன்மையை அளக்கும் கருவி, ஒரு திருகாணியைத் திருகினால் உடனே மாறும் நிலைமைகள்: பொறியாளர்கள் விரும்பியதெல்லாம் அங்கே கிடைத்தது. நொதித் தொழிலும் அவர்கள் பின்னால் போயிற்று.

போர்க்காலத்தின் இன்னொரு பூஞ்சையும் இப்படித்தான் தொட்டிக்குப் போனது. சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கிச் சிதைந்தன. சிதைத்த பூஞ்சையைப் பிரித்தெடுத்து, மாசசூசெட்ஸின் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ரீஸின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசே என்று பெயர். தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் நொதி தரும் அதன் ரகங்கள் எல்லாம் அந்த ஒரு கூடாரத் துணியின் பூஞ்சையிலிருந்து வந்தவை. திருப்பூரில் பனியன் துணியின்மேல் துருத்தி நிற்கும் இழைகளை அரித்து வழவழப்பாக்கும் ‘பயோ வாஷ்’ செய்வது செல்லுலேஸ்தான். கூடாரத்தைத் தின்ற வேதியியல் சட்டைக்கு மெருகேற்றுகிறது.

தவிடு பரப்பிய தட்டில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கோதுமைத் தவிட்டை ஏறக்குறைய சம எடை நீரில் பிசிறுவார்கள். கையில் பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி, ஆறவிட்டு, பூஞ்சையின் வித்துகளைத் தூவிக் கலந்து, தட்டுகளில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புவார்கள். அறை 30 டிகிரி அளவில் ஈரப்பதத்தோடு இருக்கும். முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது. வித்துகள் நீரை உறிஞ்சி முளைத்துக்கொண்டிருக்கும். பிறகு வெண்மையான நார் படரும். ஒரு நாள் தாண்டினால் தவிடு முழுவதும் ஒரே பாளமாகப் பின்னிக்கொண்டிருக்கும். வித்து விட்டுப் பச்சையோ கறுப்போ படிவதற்கு முன் நொதி உச்சத்தை எட்டுவது வழக்கம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் வேலை முடியும். நீரோ உப்புக் கரைசலோ ஊற்றிப் பிழிந்தால் கிடைக்கும் சாற்றில் நொதி அடர்த்தியாக இருக்கும். தொட்டியில் என்றால் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. உயிருள்ள எதுவும் மூச்சுவிடும்போது சூடு வெளிப்படும். நீரில் என்றால் அந்தச் சூடு பரவிவிடும். தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிட்டால் போதும். தவிடோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஈரம் காயாமல் அடைத்த வைக்கோற்போரின் நடுவே கைவிட்டால் சுடுமே, அப்படித்தான் ஒரு முழ உயரத்துக்குக் குவித்த தவிட்டின் மையமும் கொதித்து, பூஞ்சை தன் சூட்டிலேயே மடியும். அதனால்தான் தட்டில் சில சென்டிமீட்டரோடு நிறுத்துகிறார்கள். உற்பத்தியைப் பத்து மடங்காக்க வேண்டுமானால் உயரத்தைக் கூட்ட முடியாது. தட்டுகளைப் பத்து மடங்காக்க வேண்டும். ஈரக்காற்றை அடியிலிருந்து ஊதினால் நீர் ஆவியாகிச் சூடு தணியும், ஆனால் தவிடு காயும். மறுபடி நீர் தெளிக்க வேண்டும். தெளித்த நீர் பரவக் கிளற வேண்டும். கிளறினால் இழைகள் அறுந்துபோகும். உருளும் பீப்பாய்கள், கிளறும் கரண்டிகள், காற்றூதும் படுக்கைகள் என்று நூறாண்டுக்கு மேலாக வடிவமைக்கப்பட்ட கருவிகள் எல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவையே.

வளர்ச்சியை அளப்பதும் கடினம். தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வடிகட்டி, உலர்த்தி நிறுத்தால் பூஞ்சையின் எடை தெரியும். தவிட்டிலோ இழை துகளுக்குள்ளே புகுந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்கவே முடியாது. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள குளுக்கோசமைனையோ, அதன் சவ்வில் உள்ள எர்கோஸ்டிராலையோ அளந்து மறைமுகமாகத்தான் கணக்கிடுகிறார்கள். அமிலத்தன்மையும் ஈரமும் தட்டின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. கட்டுப்பாட்டை விரும்பும் தொழிற்சாலை தொட்டியைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் இந்தத் துறையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பி. கே. லொன்சானேயும் அவர் சகாக்களும், திடநிலை நொதித்தல் எனப்படும் இந்தத் தவிட்டு முறையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் வாதத்துக்கு நேரான சான்று. கடுக்காய், தேயிலை போன்றவற்றின் துவர்ப்புப் பொருளான டானினை உடைப்பது டானேஸ் என்ற நொதி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையின் ஒரே ரகத்தை மூன்று விதமாக வளர்த்துப் பார்த்தார்கள்: தவிட்டின்மேல், திரவத்தின் மேற்பரப்பில், திரவத்துக்குள். தவிட்டில் நொதி கூடுதலாகக் கிடைத்தது. அத்தோடு அது முழுவதும் செல்லுக்கு வெளியே வந்திருந்தது. திரவத்துக்குள் வளர்ந்த பூஞ்சையோ தொடக்கத்தில் நொதியைத் தன் உடலுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது. வெளியே எறிந்தால் உணவுக்குப் பக்கத்தில் தங்காமல் நீரோடு கலைந்துபோகும் இடத்தில் அப்படி நடந்தது எனக்குப் புரியும்படியாகவே இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இன்று தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று வழங்கும் ஆய்வகத்தில் அசோக் பாண்டேயின் குழு, கேரளம் அள்ளித்தரும் பொருள்களையே எடுத்துக்கொண்டது. தேங்காய்ப் பிண்ணாக்கில் அமைலேஸ், மரவள்ளிச் சக்கையில் சிட்ரிக் அமிலம் என்று நீண்டது அவர்கள் பட்டியல். மரவள்ளி என்றதும் சேலம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஜவ்வரிசி ஆலைகளில் மாவு பிரித்தபின் மிஞ்சும் நாரைத் ‘திப்பி’ என்பார்கள். காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். மாவுச்சத்து இன்னும் கணிசமாக ஒட்டியிருக்கும் அந்த நார், அமைலேஸ் தரும் பூஞ்சைக்கு ஏற்ற பரப்பு. நைட்ரஜன் குறைவு, பிண்ணாக்கு கலந்தால் அந்தக் குறை தீரும்.

சென்னை அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அக்கறை வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்பட்டன. சல்ஃபைடு மயிரைக் கூழாகக் கரைத்துவிடும். அந்தக் கழிவில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கொடிய வாயு எழும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். பாலாறு பட்ட பாடு ஊரறிந்தது. புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதி மயிரின் வேரைச் சுற்றியுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மயிர் கரையாமல் முழுசாகவே உதிர்கிறது, வடிகட்டி எடுத்துவிடலாம். இந்தப் பயனுக்காகத் திடநிலை நொதித்தலில் பூஞ்சை புரோட்டியேஸ் தயாரிக்கும் ஆய்வுகள் அந்த நிறுவனத்தில் நடந்தன. 1991இல் வெளியானது ஒன்று. அதில் பயன்பட்டது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். இந்த இனத்தின் பெயரைக் கேட்டதும் எச்சரிக்கையாக வேண்டும்: கடலையிலும் சோளத்திலும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சேர்ப்பது இதே இனம்தான். நஞ்சு உண்டாக்காத ரகத்தைத் தேர்வது அடிப்படை நிபந்தனை. கோஜிப் பூஞ்சை இதன் நெருங்கிய உறவு; மனிதரின் நீண்ட பழக்கத்தில் நஞ்சு செய்யும் திறனை இழந்தது.

பூஞ்சைக்கு உணவாகாமல் வீடாக மட்டும் இருக்கும் இயற்கைப் பொருள்களும் உண்டு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு, தென்னை நார், கரும்புச் சக்கை. சத்துக் கரைசலில் இவற்றை நனைத்துப் பூஞ்சையை ஒட்டவைப்பார்கள். கரைசலை வடித்து நொதியை எடுத்துக்கொண்டு, புதுக் கரைசல் ஊற்றி மறுபடி வளர்க்கலாம். மரத்தை வெள்ளையாக அரிக்கும் ஃபனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சைக்கு இந்த முறை மிகப் பொருந்துகிறது. மரத்தின் லிக்னினை உடைக்கும் லிக்னின் பெராக்சிடேஸ் நொதி 1983இல் இதில் கண்டறியப்பட்டது. சாயக் கழிவுகளின் நிறத்தையும் சிதைக்க வல்ல நொதி அது. ஆனால் கரைசலைக் கலக்கிக் குலுக்கினால் இந்தப் பூஞ்சை நொதி தருவதை நிறுத்திவிடும் என்பது ஆய்வகங்களில் நெடுநாள் தலைவலி. பரப்பொன்றில் ஒட்டி அமர்ந்தால் தருகிறது.

என் வாதத்துக்கு எதிராக ஒரு பலமான சான்று உண்டு. மரபணுப் பொறியியல் வந்தபின், தவிட்டில் மட்டும் விழிக்கும் மரபணுவை எடுத்து, திரவத்திலும் விழித்திருக்கும் வேறொரு விசையோடு பொருத்திவிட முடியும். 1988இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம், கொழுப்பை உடைக்கும் ஒரு நொதிக்கான மரபணுவை வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்து, கோஜிப் பூஞ்சையில் புகுத்தி, தொட்டியில் வளர்த்துச் சலவைத்தூளுக்கு விற்கத் தொடங்கியது. பெங்களூரில் 1978இல் பிறந்த பயோகான் நிறுவனமோ திடநிலை நொதித்தலில் முனைந்து இறங்கியது. கிருமி நீக்குவதிலிருந்து நொதியைக் கரைத்தெடுப்பதுவரை எல்லாம் நடக்கும் மூடிய கலனை வடிவமைத்து, பிளாஃப்ராக்டர் என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றது. அதுவும் 2007இல் தன் நொதித் தொழிலை நோவோவின் வாரிசான நோவோசைம்ஸுக்கே விற்றுவிட்டது. தூய ஒற்றை நொதி, டன் கணக்கில், ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் என்றால் தொட்டியோடு தவிடு போட்டியிட முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒற்றை நொதி எல்லா வேலைக்கும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவிட்டின் சுவரை உடைக்கப் பூஞ்சை ஒரே நேரத்தில் சைலனேஸ், செல்லுலேஸ், பெக்டினேஸ், புரோட்டியேஸ் எல்லாவற்றையும் அந்தச் சுவருக்கு ஏற்ற விகிதத்தில் வெளியிடுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகப் போவதும் அதே தவிடு, அதே பிண்ணாக்கு. அங்கே நொதியைச் சுத்தம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பூஞ்சை வளர்ந்த தவிட்டை அப்படியே உலர்த்தி அரைத்துத் தீவனத்தில் கலந்துவிடலாம். பிரித்தெடுக்கும் செலவு முற்றிலும் மிச்சம். ஆல்டெக் நிறுவனம் மெக்சிகோவின் செர்தான் நகரில் இந்த முறைக்கென்றே ஆலை அமைத்தது.

இந்த இடத்தில் எனக்கு நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் தெரிகின்றன. மக்காச்சோளத்திலும் சோயாப் பிண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைச் சரிவர உடைக்க முடியாது. எச்சத்தோடு வெளியேறி மண்ணிலும் நீரிலும் சேர்கிறது. முட்டையிடும் கோழிக்கோ டைகால்சியம் பாஸ்பேட்டை விலைக்கு வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் தரும் ஃபைட்டேஸ் அந்தப் பூட்டைத் திறக்கும். குருணைகளாக அழுத்தும் தீவனத்தில் நீராவிச் சூடு நொதியைக் கெடுத்துவிடும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் குறை. முட்டைக் கோழிகளுக்கு இங்கே பெரும்பாலும் போடுவது சூடேற்றாத மாவுத் தீவனம். அந்தக் குறை இங்கே எழாது. பக்கத்திலேயே சேலத்துத் திப்பி இருக்கிறது. எண்ணெய் ஆலைகளின் பிண்ணாக்கு இருக்கிறது. தேவைப்படும் கருவிகள் நீராவிக் கொதிகலன், தட்டுகள், காற்று வடிகட்டிய அறை, ஓர் உலர்த்தி. உலர்ந்த பூஞ்சைத் தூளையும் வித்துகளையும் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். அங்கே வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசமும் தூசி உறிஞ்சும் ஏற்பாடும் கட்டாயம். ஒவ்வொரு தொகுதியிலும் நொதியின் வீரியத்தையும் அஃப்ளாடாக்ஸினையும் அளந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். அளப்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம்: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது.